சிவப்பு ஒயினும் செல்வத்தின் இருமலும்

ஒயின் ஊற்றும் வேலையில் பாட்டிலைத் திறப்பது சுலபம். நம் வாயைத் திறக்காமல் நிற்பதுதான் கஷ்டம். டிரே ஏந்திய கைகளுக்கு இது புரியும்.

வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கம்பெனி என்னை வெளியே தள்ளியபோது, ஒரகடத்தில் கார் தொழிற்சாலைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. சங்கத்துக்காரன் என்றதும் ஒரு கேட்டும் திறக்கவில்லை. வெளிநாட்டு அதிகாரிகளை நம்பி நெடுஞ்சாலை ஓரம் ஆரம்பித்த ஓட்டல் மட்டும் என்னை எடுத்துக்கொண்டது. நாலு பேர் முன்னால் கூசாமல் பேசுகிற ஆள் வேண்டுமாம். அதில் எனக்கு அனுபவம் உண்டு.

நான்கு மடிப்புப் பாடம்

சுட்ட இறைச்சியோடு எந்தச் சிவப்பு ஒயினைக் கொடுப்பது என்று விளக்கி, ஒயின் விற்பவர்கள் நாலாக மடித்த ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள். பொருளாதாரம் முதல் பூகோளம் வரை துண்டுப் பிரசுரத்திலேயே படித்தவன் நான். வீட்டுக்குப் போகும் பஸ் சேரப்பணஞ்சேரியைத் தாண்டுவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

மறுநாள் ஓட்டல் திறக்குமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினேன். "தோழர்களே! ஆட்டு விலாவில் கொழுப்பு அதிகம். ஷிராஸ் ஒயினில் துவர்ப்பு அதிகம். துவர்ப்பு கொழுப்பை எதிர்த்து நிற்கும். கோழியில் கொழுப்பு குறைவு. அதற்கு மெல்லிய ஒயினே போதும்!"

கரியடுப்பில் கறி சுடும் செல்வம் இருமியபடி கேட்டுக்கொண்டிருந்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். அவன் அடுப்பு கண்ணாடிச் சுவருக்கு வெளியே, மூன்று பக்கமும் அடைத்த தகரக் கொட்டகையில் இருந்தது. வாடிக்கையாளர்கள் ஏ.சி.யில் உட்கார்ந்து நெருப்பை வேடிக்கை பார்ப்பார்கள். புகை மொத்தமும் செல்வத்துக்கு. நான் பேசி முடித்ததும் அவன் சொன்னான்: "அண்ணாச்சி, கறிக்குத் தொணையா ஒயின் இருக்கு. எனக்குத் தொணையா ஒரு புகைபோக்கி வைக்கச் சொல்லுங்க."

எந்த ஊர் அறை?

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறவும் என்று பிரசுரத்தில் ஒரு வரி. எந்த ஊர் அறை என்று இல்லை. எழுதியவன் ஸ்ரீபெரும்புதூரின் மே மாதத்தைப் பார்த்திருக்க மாட்டான். மேனேஜர் தனசேகர் பாட்டில்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் அடுக்கினார். வேண்டாம் என்றேன். "இன்னா தலைவரே, நீ சொல்றத கேக்கறதா, அச்சடிச்சத கேக்கறதா?" என்றார். அச்சடித்ததை நம்பச் சொல்லியே தொண்டை வறண்டவன் நான்.

அன்று ஆட்டு விலாவுக்கு ஷிராஸ் ஊற்றினேன். வழக்கமாக வரும் கொரிய இன்ஜினீயர், இங்கே இருந்து இருந்து தமிழ் பழகியவர், ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கிளாஸையே பார்த்தார். பிறகு மரியாதையாகச் சொன்னார்: "ரசம் நல்லா இருக்கு. ஒயின் எங்கே?"

முதலாளி ருசி

மண்ணூரில் அறை எடுத்துத் தங்கியிருந்த தெற்கத்திப் பையன்கள், தங்களில் ஒருவனுக்கு வேலை நிரந்தரமானதைக் கொண்டாட வந்தார்கள். நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டே வெகுநாளாகியிருந்தது. நானே ஓடிப்போய் கவனித்தேன். மிளகாய் தடவிச் சுட்ட கோழிக்குக் கடும் துவர்ப்பு ஒயின் ஆகாது, எரிச்சல் கூடும் என்றேன். பெரிய ஆபீசர்கள் குடிப்பதுதான் வேண்டுமென்று அடம். ஊற்றினேன். நிரந்தரமானவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, பாக்கோட மொளகாயச் சேத்து மென்ன மாதிரி இருக்கு. இதையா மொதலாளிமாரு ஆசைப்பட்டுக் குடிக்காவ?"

பழைய முகம்

ஒரு ஞாயிறு மதியம், அந்தக் கொரிய இன்ஜினீயரை அழைத்துக்கொண்டு என் பழைய கம்பெனியின் பர்சனல் மேனேஜர் வந்தார். என் நீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டவர். வெல்டிங் ஷாப்பின் புகையை வெளியேற்ற விசிறி மாட்டு என்பதுதான் எங்கள் போராட்டத்தின் முதல் கோரிக்கை. இந்தப் புகை யாரையும் ஒன்றும் செய்யாது என்று கம்பெனி கேட் அருகே நின்று சொன்னவரும் இவர்தான்.

கிளாஸைச் சுழற்றினார், முகர்ந்தார், விருந்தாளிக்குப் பாடம் நடத்தினார். ஆட்டுக்கறிக்குக் கேபர்னே ஒயின் பொருந்தும் என்று நான் குனிந்து ஊற்றும்போதுதான் முகத்தைப் பார்த்தார். "அடடே, நீயா! அங்க ஒத்துழைக்க மாட்டேன்னு நின்ன. இங்க எவ்வளவு அழகா ஊத்துற!"

கோரிக்கை

செல்வத்தின் இருமல் முற்றியது. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போகப்போகிறேன் என்றான். புகைபோக்கி கேட்டு அவனைக் கூட்டிக்கொண்டு தனசேகரிடம் போனேன். அவர் மோசமான மனிதர் இல்லை. மேனேஜர், அவ்வளவுதான். "எந்த கஸ்டமராவது புகைன்னு கம்ப்ளெயின்ட் பண்ணிக்கிறானா? பண்ணட்டும், நாளைக்கே மாட்டிடறேன்."

நெருப்பருகே

அடுத்த ஞாயிறும் பர்சனல் மேனேஜர் அதே விருந்தாளியோடு வந்தார். "சார், விஷயம் தெரிஞ்சவங்க கரியில சுட்ட கறியை அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து சாப்பிடுவாங்க. புகை வாசனையில ஒயினோட ருசியே வேற" என்றேன். இது பிரசுரத்தில் இருந்ததா என்று கேட்காதீர்கள். நானும் பிரசுரம் எழுதியவன்தான். விஷயம் தெரிந்தவர் என்ற சொல் அவரை எழுப்பிக் கொட்டகைக்குள் நடக்க வைத்தது. மேஜை போட்டோம்.

கொழுப்பு மிகுந்த விலாவாகப் பார்த்து எடுத்துவரச் சொன்னேன். செல்வம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பில் போட்டான். கொழுப்பு சொட்டச் சொட்டக் கரி புகைந்தது. இன்ஜினீயர் மேலே அண்ணாந்து தேடினார். "எங்க ஊர்ல ஒவ்வொரு மேஜைக்கும் மேல குழாய் இருக்கும். இங்க எங்கே?" பர்சனல் மேனேஜர் இருமி, கண்ணைக் கசக்கி, வெள்ளைச் சட்டையில் ஒயினைக் கொட்டிக்கொண்டு கத்தினார்: "தனசேகர்! இந்தப் புகையில மனுஷன் இருப்பானா?"

செல்வம் இடுக்கியோடு நிமிர்ந்தான். "நான் நிக்கேம்லா சார்."

அந்த வாரமே புகைபோக்கி வந்தது, விசிறியோடு. செல்வம் ஊருக்குப் போகவில்லை. இருமல் குறைந்து, முழு வாக்கியமாகவே என்னைத் திட்ட ஆரம்பித்தான். பழைய கம்பெனியின் வெல்டிங் ஷாப்பில் மட்டும் விசிறி வரவில்லை என்று கேள்வி. பர்சனல் மேனேஜர் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

சுட்ட இறைச்சிக்கும் சிவப்பு ஒயினுக்கும் மிகப் பொருத்தமாகச் சேர்வது எது என்று யார் கேட்டாலும், அதிகாரியின் இருமல் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.