மார்கழியில் ஏறிய தேக்கு விலை

தேக்கை அறுக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள்... புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி. தென்னூரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த மரக்கடையில் காலையிலேயே அந்த வாசனை ஆளைத் தூக்கும்.

பி.காம். முடித்த கையோடு போய்ச் சேர்ந்தேன். போன் எடுப்பது, வாசல் போர்டில் அன்றைய ரேட்டை சாக்பீஸால் எழுதுவது... இதுதான் வேலை. முதலாளியை எல்லோரும் பாய் என்போம்.

இரண்டே வருடத்தில் மர விலை எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. தையிலும் ஆவணியிலும் ஊரே நிலைவாசல் வைக்கும், ரேட் ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் ஒருவரும் வைக்கமாட்டார்கள், கடையில் ஈ ஓட்டுவோம், ரேட் இறங்கும். பஞ்சாங்கம் இருந்தால் போதும், போர்டு எழுதிவிடலாம் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்!

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த ஆறுமுகம் சார் அப்போது காட்டூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கார்த்திகையில், ஆசாரி எழுதிக் கொடுத்த மர லிஸ்ட்டோடு வந்தார். தை மாதம் நிலை வைக்க நாள் குறித்தாயிற்று.

“இப்பவே எடுத்துரலாமாங்க?”

“பொறுங்க சார். மார்கழியில கட்டாயம் இறங்கும்.”

பெரிய மேதாவி நான்!

அந்த மார்கழியில்தான் டாலர் ஏறியது. தூத்துக்குடிக்கு வரவேண்டிய பர்மா தேக்கும் வரவில்லை. எந்தக் கடையிலும் சரக்கு இல்லை, இருக்கிற மரத்துக்கு வைத்ததுதான் விலை. போர்டில் பழைய ரேட்டை அழிக்கும்போதெல்லாம் ஆறுமுகம் சாரிடம் சொன்னதுதான் நினைவுக்கு வரும்... பஞ்சாங்கத்துக்குக் கடலும் தெரியாது, டாலரும் தெரியாது.

ஒரு நாள் ஆறுமுகம் சார் ஷிஃப்ட் முடிந்து அப்படியே சைக்கிளில் வந்து இறங்கினார். போர்டைப் பார்த்தவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“நிலை வைக்கிறதுக்குப் பத்திரிகையே கொடுத்தாச்சும்மா. சம்பந்தி வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு. இந்த விலைக்கு நான் எங்க போவேன்?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தேன். நிலை, கதவு, ஜன்னல், பரண் சட்டம் வரைக்கும் ஆசாரி தேக்கு என்றே எழுதியிருந்தார்.

“சார், நிலைக்கும் தலைவாசல் கதவுக்கும் மட்டும் தேக்கு எடுங்க. ஜன்னலுக்கு வேங்கை போதும். உள்ள இருக்கிறதுக்கெல்லாம் நல்லாக் காய்ஞ்ச வேம்பு கிடக்கு, நானே பொறுக்கித் தரேன். நீங்க நெனச்ச பணத்துக்குள்ள முடிச்சிடலாம்.”

உள்ளேயிருந்து பாய் எட்டிப் பார்த்தார். “ஏம்மா... தேக்கு வாங்க வந்தவருக்கு வேம்பை விக்கிறியே, கடை வெளங்குமா?”

“பொறுங்கன்னு தப்பா சொன்னது நான் பாய். நான்தானே சரி பண்ணணும்?”

 பாய், “வேம்புல வெடிப்பு இருக்கான்னு பார்த்து எடு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தையில் குறித்த நாளில் நிலை நின்றது. மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி... நானும் போயிருந்தேன். சம்பந்தியிடம் ஆறுமுகம் சார், “நம்ம வீட்டு மரம் மொத்தமும் இந்தப் பொண்ணு பார்த்துக் கொடுத்தது” என்றார். இருபத்திரண்டு வயதில் அதைக் கேட்க எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் மாதச் சம்பளம்கூட... இல்லை, அதெல்லாம் இதற்குக் கிட்டவே வராது.

இப்போது சொந்தமாகவே கடை வைத்திருக்கிறேன். கப்பல் எங்கே வருகிறது, டாலர் எவ்வளவு, எல்லாம் போனிலேயே தெரிந்துவிடுகிறது. பாதிப் பேர் ரெடிமேட் கதவு வாங்கிப் போகிறார்கள். ஜன்னலுக்கு மரம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அது கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் இன்றும் தினமும் வருகிறது. “மேடம், ரேட் இறங்குமா?”

முப்பது வருட அனுபவத்தில், தலை நிமிர்ந்து பதில் சொல்கிறேன்.

“தெரியாதுங்க. லிஸ்ட்டைக் கொடுங்க, இந்த விலைக்கு என்ன பண்ணலாம்னு பார்ப்போம்.”