மூட்டம் வராது என்று சொன்னேன்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைதான் படிப்பு. ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்துபோகிறது, முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை வாளியில் இருந்த தண்ணீர் மறக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சள் ஓடியிருந்தது. காரின் முன்விளக்கைத் தேய்த்த தண்ணீர் அது. தேய்த்தவள் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்சாதி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குவளையால் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் சமைத்தபடி ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் கீழே ஈப்போ டவுனுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. கொழுந்தன் சிங்கப்பூரில் வேலை. கார் ஓட்டத் தெரிந்தது ஓரகத்தி ஒருத்திக்குத்தான். அவள் ஈப்போ கடைகளுக்குப் பூ கொண்டுபோவாள். பின்சீட்டு முழுக்கப் பூப்பெட்டி. என் வீட்டுக்காரர் முன்சீட்டில். நான் வீட்டில். அந்தக் காலத்தில் புருஷனின் அண்ணன் வந்தால் பெண்கள் எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடுவோம். இவளும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் போனாள். இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் மலை இறங்குகிறாள். திரும்பி வந்து இறங்கும்போது இரண்டு பேர் முகத்திலும் பாதிச் சிரிப்பு இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் முகத்தில் அது அணைந்துவிடும். "என்ன பேசினீங்க?" என்று கேட்டால், "என்னத்த பேசறது" என்று படுத்துக்கொள்வார்.

அந்தக் காரின் விளக்கு இரண்டும் வெயிலிலும் மழையிலும் கிடந்து மஞ்சளாகப் பூத்துப் போயிருந்தன. விடியுமுன் கிளம்புகிறவர்கள். ஒரு நாள் திரிங்காப் பக்கம் பனிமூட்டத்தில் பாதை தெரியாமல் ஒரு சக்கரம் கால்வாயில் இறங்கிவிட்டது. காய்கறி லோரிக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் விளக்கைச் சரிபண்ண வேண்டும் என்றாள். முதலில் பல்பசை வைத்துத் தேய்த்தாள். "பல்லு வெளக்கி விட்டேன்க்கா, இனிமே நல்லா சிரிக்கும்" என்றாள். இரண்டு வாரத்தில் பழைய மஞ்சள் வந்துவிட்டது. பிறகு பிரிஞ்சாங் கடையில் கேட்டு, மணல் ஒட்டின உப்புத்தாள் மூன்று தினுசு, மெருகு போடும் பசை, மறுபடி மஞ்சளாகாமல் மேலே அடிக்க ஒரு டின் மருந்து எல்லாம் வாங்கி வந்தாள்.

விளக்கைச் சுற்றி பெயிண்டில் படாமல் டேப் ஒட்டினாள். முதலில் சொரசொரப்புத் தாள், பிறகு அதைவிட மெலிசு, கடைசியில் துணி மாதிரி இருக்கும் தாள். எல்லாம் தண்ணீர் தொட்டுத்தான். தேய்க்கத் தேய்க்க விளக்கு இன்னும் கெட்டுப்போன மாதிரிதான் தெரிந்தது. "ஐயோ, குருடாக்கிட்டியே புள்ள" என்றார் அவர். "பொறுங்க மாமா, கண்ணுல பொர எடுக்கிற மாதிரிலா இது" என்றாள். அதற்கு ஒரு சிரிப்பு. பசை போட்டுத் துடைத்ததும் விளக்கு கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. அவர் குனிந்து அதில் தன் மூஞ்சியைப் பார்த்தார். "ஆம்பள கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்றார். நாற்பது வருஷம் முதுகில் கொழுந்துக் கூடை சுமந்தேன். என் கையை ஒரு நாள் அப்படிப் பார்த்துச் சொல்லியிருப்பாரா?

மருந்து அடிக்கும்போதும் காயும்போதும் காற்று உலர்ந்திருக்க வேண்டுமாம். ஈரம் பட்டால் வெளுத்துப் போகுமாம். அவள் கீழே செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள், மலைமேல் மூட்டம் எப்போது இறங்கும் என்று கணிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். கொழுந்து கிள்ளும் விரலில் இலையின் அடிப்பக்கம் சில்லென்று ஒட்டினால் இன்னும் கால் மணியில் வந்துவிடும். கங்காணியே என்னைக் கேட்டுத்தான் கூடையை நிறுக்கக் கூப்பிடுவார். அன்றைக்கும் வேலியோரச் செடியைத் தொட்டுப் பார்த்தேன். ஒட்டியது.

"அக்கா, மூட்டம் வருமா? அடிக்கட்டா?"

"வராது. அடி."

விளக்கு கெட்டு, விடியுமுன் கார் ஓடாவிட்டால் திங்கட்கிழமை தோட்டத்து வேனில் அவரை நான் கூட்டிக்கொண்டு போவேன், என் பக்கத்தில் உட்காருவார். அது ஒன்றுதான் மனதில் இருந்தது. கால்வாயில் இறங்கிய சக்கரம் நினைவுக்கு வரவில்லை.

அடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் எதிர்மலை மறைந்தது. பிறகு தொழிற்சாலைக் கூரை மறைந்தது. விளக்கு இரண்டும் பால் ஊற்றினது மாதிரி வெளுத்துவிட்டன. அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "பாதி டின்தான்கா இருக்கு" என்றாள். அவர் விளக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மூட்டத்தில் நான் தப்புச் சொன்னதில்லை என்று அவருக்குத் தெரியும். எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். வேனைக் கேட்டால் திங்கட்கிழமை வேறு வேலைக்குப் போகிறது என்றார்கள். ஒரு தடவை தவறினால் அவருக்கு மூச்சு முட்டும், கால் வீங்கும்.

ஞாயிறு காலை நானே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மூட்டம் வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

"ஏன்க்கா?"

"அவர் ஒன்கூடத்தான் சிரிக்கிறார்."

கதவை முழுசாகத் திறந்தாள். அப்புறம் கோபம் வந்தது. "பின்னுக்கு ஒக்காந்தா வாந்தி எடுக்கிறார், அதுக்குத்தானே முன்னுக்கு ஏத்துறேன்! ஒனக்கு வேணும்னா நீயே ஏறிக்கலா. நாளைக்குப் பூ வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லி உப்புத்தாளை என் கையில் திணித்தாள். "மொதல்ல தேயி."

ஆளுக்கு ஒரு விளக்கு தேய்த்தோம். செடியைத் தொட்டுப் பார்த்து, இப்போ அடி என்றேன். இந்தத் தடவை நிஜம். மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. அவர் வந்து இரண்டையும் பார்த்தார். எதை யார் தேய்த்தது என்று தெரியாமலே, "இது கொஞ்சம் சுமார்" என்று என்னுடையதைக் காட்டினார்.

மறுநாள் விடியுமுன் நான் முன்சீட்டில் ஏறினேன். அவர் பின்னால், கையில் வாந்திக்குப் பிளாஸ்டிக் பையோடு. கம்போங் ராஜா தாண்டும்வரை வெளிச்சம் நன்றாக விழுந்தது, ஓரத்துக் கல் எல்லாம் தெரிந்தது. அவர் பின்னாலிருந்து என் தோளுக்கு மேலாக அவளோடுதான் பேசிக்கொண்டு வந்தார். யார் தோட்டத்தில் கோஸ் அழுகியது, எந்த லோரி எந்த வளைவில் நின்றுபோனது, போன வாரம் பார்த்த நாய் இன்றைக்கும் அங்கேயே படுத்திருக்கிறது. அவ்வளவுதான். பொறாமைப்பட அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. இருந்தும் பொறாமைப்பட்டேன். அந்த ஒன்றுமில்லாத பேச்சை அவர் என்னிடம் பேசினதில்லை. நானும் வாயைத் திறந்து, அந்த நாய் எங்கே என்று ஒரு நாள் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் அவள் கையைப் பிடித்து, "எத்தனை நாள் தூக்கிட்டு ஓடினே" என்று அழுதார்கள். அது நியாயம்தான். எனக்கு அது இன்னும் பொறுக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

உப்புத்தாளின் நம்பரும் மருந்து எத்தனை தடவை அடித்தாள் என்பதும் எனக்குச் சரியாக நினைவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது அவளிடமே கேட்டுத் திருத்திவிடுங்கள். நான் கேட்டால், எதற்கு என்பாள்.