முப்பத்தெட்டு அங்குல நண்பர்

காலை பத்து நாற்பது. ஜப்பானின் சிறிய ரயில் நிலைய வாசலில், ‘கந்தசாமி’ என்று தமிழில் எழுதிய அட்டையுடன் பருத்த மனிதர் ஒருவர் நிற்கிறார். என்னுடன் வந்திருக்கும் கந்தசாமி பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். எட்டு வருடமாகக் கடிதத்தில் மட்டும் பழகிய ஹிரோஷியைப் பார்க்க வந்தவர், கிட்டே போகாமல் நின்றுவிடுகிறார்.

“ஆளு வேறீங்க. ஹிரோஷி மார்பளவு முப்பத்தெட்டுன்னு எழுதுனாருங்க. அந்த அளவுலதான் வருசம் ஒரு பனியன் அனுப்பறனுங்க. இவருக்கு நாப்பத்தாறே பத்தாதுங்க.”

“போட்டோ அனுப்பினாரே?”

“மூஞ்சி மட்டுந்தானுங்க. மூஞ்சிய நம்பலாமுங்களா? எவனோ ஏமாத்தறான்னு ஊட்டுல அப்பவே சொன்னாங்க.”

அவர் போய், கைகூடக் குலுக்காமல், அந்த மனிதரின் டி-ஷர்ட் விளிம்பைத் திருப்பித் தையலைப் பார்க்கிறார்.

“நம்ம தையல் இல்லீங்க.”

சந்தேகத்தை ஆங்கிலத்தில் சொல்கிறேன். அந்த மனிதரின் முகம் சிவக்கிறது.

“முதல் கடிதத்தில் என் பழைய அளவை எழுதிவிட்டேன். பிறகு திருத்தக் கூச்சமாக இருந்தது” என்கிறார். கைப்பையைத் திறந்து பனியன்களை பெஞ்சில் அடுக்குகிறார்.

கந்தசாமி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். எல்லாம் அவர் கம்பெனித் தையல். எட்டிலும் மடிப்புக் கலையவில்லை.