நடு வரிசையில் ஒரு மஞ்சள் சாடி

1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் திகதி, சனிக்கிழமை. இணுவிலில் எங்கள் வீட்டில் அந்த நாளும் மற்றச் சனிக்கிழமைகளைப் போலவே தொடங்கியது. ஐந்தரை மணிக்கு அம்மா பால் கறந்தார். அப்பா எண்ணெய் தேய்த்து முழுகினார். அம்மாவின் தங்கையான சின்னம்மா, அடுப்படிக்குப் பின்னால் இருந்த தன்னுடைய பூச்சாடிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். எனக்கு ஒன்பது வயது. செம்புகளை எண்ணுவது என் வேலை. இருபத்தேழு.

மாரி மழை முடிந்து, பனியும் விட்டு, சாடிகள் பூத்துத் தள்ளியிருந்த காலம் அது. சின்னம்மா அவற்றைப் பின்வளவிலேயே வைத்திருந்தார். முன்பக்கம் அவருடைய இடம் அல்ல. இருபத்து மூன்று வயதில் புருசனை இழந்து, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். முந்தின ஐப்பசியில் என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசற் படலையில் முதலில் கண்டது அவரைத்தான். முழுவியளம், அதாவது எதிர்ப்பட்ட சகுனம், சரியில்லை என்று தேத்தண்ணியும் குடியாமல் திரும்பிவிட்டார்கள். அதன்பின் ஐந்து மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு சம்பந்தமும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு அரியாலையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும். தாய்மாமன் சகுனம் பார்ப்பதில் வலு கண்டிப்பான மனிதர் என்று தரகர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். சாடிகளை முன் விறாந்தையில் அடுக்கினால் வீடு எடுப்பாக இருக்கும் என்பது அம்மாவின் யோசனை. அடுக்கும் பொறுப்பை எனக்குத் தந்தார். "மூண்டு மணிக்குப் பிறகு நீ முன்னுக்கு வரப்படாது" என்று சின்னம்மாவிடம் சொன்னபோது அம்மா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. சின்னம்மா, "அது எனக்குத் தெரியாதே அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

விறாந்தையின் தெற்கு மூலையில் ஓர் உயர்ந்த மர வாங்கும் அதற்கு முன்னால் உயரம் குறைந்த ஒரு பதிந்த வாங்கும் போட்டோம். உயர்ந்த வாங்கில் எட்டுக் குறோட்டன். பதிந்த வாங்கில் ஒன்பது காசித்தும்பை, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி. நிலத்தில் பத்து மஞ்சள் சீனியா. நிறம் தவறாமல், சாடிக்குச் சாடி நாலு விரல் இடைவெளி விட்டு வைத்தேன். இன்றைக்கும் என்னிடம் குறை சொல்ல விரும்புகிறவர்கள் இந்தக் குணத்தைத்தான் சொல்வார்கள்.

மூன்று ஐந்துக்கு எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. மூலைக் குறோட்டன் சுவர்ப் பக்கம் சரிந்து நின்றது. என்னால் அதைத் திருப்ப முடியவில்லை. நேரே அடுப்படிக்கு ஓடினேன்.

"சின்னம்மா, ஒருக்கா வாங்கோ."

"கொம்மா கண்டா என்ரை தோலை உரிச்சுப்போடுவா."

"இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. ஒரு சாடிதானே!"

அவர் வந்தார். உயர்ந்த வாங்குக்குப் பின்னால் புகுந்து சாடியை நிமிர்த்தி, தண்டுக்கு ஓர் ஈர்க்கு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் கார்ச் சத்தம் கேட்டது. தாய்மாமன் நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டதில் முக்கால் மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டார்கள்.

விறாந்தையிலிருந்து வீட்டுக்குள் போக ஒரே வாசல், அது நடுவில், படிக்கு நேரே. அரைச்சுவரால் ஏறிக் குதிக்கலாமென்றால் கார் வந்து நின்றதே அந்தப் பக்கத்தில்தான். சின்னம்மா என்னைப் பார்த்தார். பிறகு சேலையை ஒடுக்கிக்கொண்டு உயர்ந்த வாங்குக்குப் பின்னால் குந்திவிட்டார்.

வந்தவர்கள் படியேறி அமர்ந்தார்கள். அப்பா புகையிலை விலை பற்றிக் கதைத்தார். அம்மா உள்ளே போய், அடுப்படியில் சின்னம்மாவைக் காணாமல் திரும்பி வந்து, என்னைப் பார்த்தார். நான் சாடிகளைப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அக்கா பயற்றம்பணியாரத் தட்டோடு வந்தாள்.

எனக்கு ஒரு பக்கம் பயம், மறு பக்கம் பெருமை. என் அடுக்கு ஓர் ஆளையே மறைத்துவிட்டதே! ஒரேயொரு இடத்தில் மட்டும் குறை. நடு வரிசையில் நாலாவது காசித்தும்பை குட்டை. அதன் மேலால் உயர்ந்த வாங்கின் கால்களுக்கிடையே ஒரு சாண் வெள்ளைச் சேலை தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய் எழுந்து சாடிகளுக்குக் கிட்ட வந்தார்.

"ஆர் பிள்ளை உதை உப்பிடி வடிவா அடுக்கினது?"

"நான்தான் மாமி."

"நீயோ! கெட்டிக்காரி." குனிந்து பூவை முகர்ந்தார். குனிந்தவர் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்தார். அவர் சேலையைக் காணவில்லை என்று என் மனம் குதித்தது.

ஆனால் அவர் செய்த அடுத்த காரியம் என்னைத் திடுக்கிட வைத்தது. கீழ் வரிசையிலிருந்து ஒரு மஞ்சள் சீனியாவைத் தூக்கி, குட்டைக் காசித்தும்பைக்கு முன்னால் நெருக்கி வைத்தார். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, பிறகு மஞ்சள்! என்னால் பொறுக்க முடியவில்லை. அதை எடுத்துத் திரும்பவும் கீழே வைத்தேன்.

"அது அங்கை வைக்கிறேல்லை மாமி. நிறம் பிழைச்சுப்போகும்."

"பிழைச்சாப் பிழைக்கட்டும் பிள்ளை. இஞ்சை வெறுமையாக் கிடக்கு." மறுபடி தூக்கி அங்கேயே வைத்தார். சாடியின் விளிம்பைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

தாய்மாமன் கதிரையிலிருந்து சத்தமாகச் சிரித்தார். "என்ன தங்கச்சி, பொம்பிளை பாக்க வந்தனியோ, பூக்கடை போட வந்தனியோ?" எழுந்து வரப் பார்த்தார்.

"நீங்கள் இருங்கோ அண்ணை. உங்களுக்குப் பூ மணந்தால் தும்மல் வாறது. தும்மினால் பிறகு அதுக்கும் ஒரு சகுனம் சொல்லுவியள்."

அப்பாகூடச் சிரித்துவிட்டார். அந்த மாமி தன் கதிரையைச் சாடிகளுக்கு முன்னால் இழுத்துப் போட்டு, முதுகை அவற்றுக்குக் காட்டி, சேலையை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் முழு அடுக்கையும் மறைத்துவிட்டார். இவ்வளவு பூ இருக்க அதற்கு முதுகைக் காட்டி ஒருவர் இருப்பாரா என்று எனக்கு எரிச்சல். தேத்தண்ணி முடிந்ததும் அவர் சொன்னார்:

"அண்ணை, இவையின்ரை கிணத்தடி வாழை நல்லா நிக்குதாம். வாருங்கோ, ஒருக்காப் பாத்திட்டு வருவம்."

பெண் பார்க்க வந்த வீட்டில் வாழை பார்ப்பது எனக்குப் புதுமையாக இருந்தது. அப்பா அவர்களைப் பின்வளவுக்கு அழைத்துப் போனார். விறாந்தை வெறுமையானது. சின்னம்மா சுவரைப் பிடித்து எழுந்து, விறைத்த கால்களை இழுத்துக்கொண்டு வாசலால் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மணிக்கூட்டில் நாலு பத்து. ஐம்பது நிமிடம் குந்தியிருந்திருக்கிறார்.

போகும்போது சம்மதம் என்றார்கள். தாய்மாமனுக்கும் முழுத் திருப்தி. படலையில் மாப்பிள்ளையின் தாய் என் தலையைத் தடவினார். "காசித்தும்பை விதை கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லு பிள்ளை."

"ஆரிட்டை?"

"தண்ணி ஊத்துறவவிட்டை."

அடுக்கியது நான் என்று சொல்லியும் வேறு யாரையோ கேட்கிறாரே என்று எனக்கு மனத்தாங்கல்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. சின்னம்மாவுக்குத் தன் கையால் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் உண்ணும்வரை பக்கத்திலேயே இருந்தார். நான்தான் முறையிட்டேன்: அந்த மாமி என் வரிசையைக் கெடுத்துவிட்டார், காலையில் சரி செய்ய வேண்டும் என்று.

சின்னம்மா கையை நிறுத்தி நிமிர்ந்தார். "அதை எடுக்காதை. அது அங்கையே இருக்கட்டும்."

"ஏன்? மஞ்சள் அங்கை பொருந்தாது."

"இருக்கட்டும் எண்டுறன்."

அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அவ்வளவு நேரம் குந்தியிருந்த அலுப்பு என்று நினைத்தேன். அலுப்பில் நிறம்கூடத் தெரியாமல் போயிற்றாக்கும் என்று அவருக்காக இரங்கினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே, முதல் வேலையாக விறாந்தைக்குப் போய் அந்த மஞ்சள் சாடியைத் தூக்கிக் கீழ் வரிசையில் அதன் இடத்தில் வைத்தேன்.