சுவரில் மூன்று தட்டு

தான் பாடிய கசெட்டின் உறையில் தங்கச்சி தன் முகத்தைப் போடவில்லை. லண்டன் டூட்டிங்கில் பலசரக்குக் கடைக்கு மேலே நாங்கள் இருந்த வீட்டின் சமையலறை ஜன்னலைப் படமெடுத்து ஒட்டியிருந்தாள். அதில் என் பஸ் டிரைவர் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. "படம் எடுக்க என்ர சட்டைதான் கிடைச்சுதோ?" என்று சிடுசிடுத்து, கசெட்டை இழுப்பறைக்குள் போட்டேன். அவள் உயிரோடு இருந்தவரை அதை வெளியே எடுக்கவில்லை.

விடியற்காலை ஷிப்ட் முடித்து வந்து மத்தியானத்தில்தான் நான் நித்திரை கொள்வேன். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்த அவளுக்குப் பாடக் கிடைத்த நேரமும் அதுதான். பக்கத்து அறைக் கட்டிலில் பழைய கிட்டாரோடு உட்கார்ந்து, தானே எழுதிய ஆங்கிலப் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்வாள். அமெரிக்க நாட்டுப்புறச் சாயலில், அவசரமில்லாமல் நடக்கும் சோகப் பாட்டுகள். ஸ்டூடியோ இல்லை, பக்கவாத்தியம் இல்லை. கீழே கடை ஷட்டர் இழுபடுவதும் கெட்டில் கொதிப்பதும் பாட்டோடு சேர்ந்தே பதிவாகும். "அதுகும் கிடக்கட்டும் அண்ணை, அதுதானே எங்கட வீடு" என்பாள். எனக்கு என் நித்திரைதான் பெரிது. சுவரில் மூன்று தரம் ஓங்கித் தட்டுவேன். குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

கசெட் வந்து ஒரு கிழமை கழித்துக் கேட்டாள்.

"பாட்டுகளைக் கேட்டனீங்களோ அண்ணை?"

"ஓம், கேட்டனான்."

"மூண்டாவது பாட்டு?"

"அதுகும் நல்லாத்தான் கிடக்கு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன்.

அடுத்த மாரியில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ நாள் பக்கத்தில் இருந்தும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்தவீட்டுக்கு, லூயிஷாம் சந்தையில் பழைய இசைத்தட்டு விற்கும் வெள்ளைக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவளுடைய கசெட்டுகளை விற்றுக் கொடுத்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது பாட்டில் அந்த மேளத்தை யார் தட்டியது, அவ்வளவு அழகு என்றார். தங்கச்சியிடம் மேளம் இருந்ததேயில்லை.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். மூன்றாவது பாட்டின் நடுவில் மூன்று தட்டு. என் தட்டுத்தான். பாட்டு நின்றது. "அண்ணை எழும்பிட்டார்" என்று தனக்குள் சொல்லிச் சிரித்தாள். பிறகு தாழ்ந்த குரலில் மறுபடி தொடங்கினாள். அந்த மூன்று தட்டையே கிட்டார் பலகையில் விரலால் மெல்லத் தட்டித் தட்டி, கடைசிவரை பாடியிருந்தாள். ஒரு தரமாவது கேட்டிருந்தால் நான் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்க மாட்டேன். நான் கேட்கவேயில்லை என்பது அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இப்போது மத்தியானங்களில் வீடு அமைதியாகக் கிடக்கிறது. எனக்குத்தான் நித்திரை வருவதில்லை. கசெட்டைப் போடுகிறேன். உறையில் என் சட்டை இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு, அவள் அறைச் சுவரைப் பார்த்துச் சொல்கிறேன்: "ஓம், கேட்டனான்."