காய்ந்த கட்டில்கள்

தைப்பிங் முதியோர் இல்லத்தில் ரொக்கியா பெயரெடுத்த பணிப்பெண். அவள் பொறுப்பிலிருந்த எட்டுக் கட்டில்களும் காலையில் காய்ந்தே இருக்கும். ஆண்டுவிழாவில் அவளை மேடையேற்றிக் கைதட்டினார்கள். அவள் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: மாலை அசர் தொழுகைக்குப் பிறகு யாருக்கும் ஒரு வாய் தேநீரோ தண்ணீரோ கிடையாது. கெட்ட எண்ணத்தில் செய்தாள் என்று சொன்னால் நம் நாக்கு அழுகிவிடும். அவளைப் பெற்றவள் ஈரப் பாயில் முதுகெல்லாம் புண்ணாகிச் செத்தவள். ஈரம் என்றாலே ரொக்கியாவுக்கு ஆகாது.

அங்கே தாலிப் வந்து சேர்ந்தார், எல்லோருக்கும் 'பாக்', அதாவது ஐயா. முப்பது வருடம் ஈப்போவுக்குப் பேருந்து ஓட்டியவர். டயப்பர் கட்டினால் உடம்பில் அசுத்தம், அப்புறம் தொழுகை ஏது என்பது அவர் கட்சி. மூன்றாம் நாளே கழிப்பறைக்குப் போய்ச் சேருமுன் நடையிலேயே சிறுநீர் போய்விட்டது.

"என்ன பாக், பிரேக் பிடிக்கலியா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாள் ரொக்கியா. "இன்னொரு தடவ ஆச்சுன்னா டயப்பர்தான், ஆமா."

"இனிமே ஆகாது கியா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அதன் பிறகு அப்படி ஆகவே இல்லை. ரொக்கியாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

புதிதாக வந்த நர்ஸ் நோரிடாவுக்குத்தான் சந்தேகம். அக்கா என்ற முறையில் ரொக்கியாவைக் 'காக்' என்றுதான் கூப்பிடுவாள். "காக் கியா, பாக் உதடு வெடிச்சுக் கெடக்கு. தண்ணியக் குறைக்காதீங்க. ஒவ்வொரு தொழுகைப் பாங்குக்கும் கைகால் கழுவி ஒளு செய்யப் போறாருல்ல, அதுக்குக் கால் மணி முன்னாடியே கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போங்க. அஞ்சு வேளையும் போனா அடக்கவே வேணாம்."

"நேத்து முளைச்சவ எனக்குப் பாடம் நடத்துறா!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் ரொக்கியா.

அடுத்த வாரமே தாலிபுக்குக் காய்ச்சல் கண்டு பிதற்றல் வந்தது. ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். அவருடைய துணிகளை எடுக்க இல்லத்துக்குப் போன ரொக்கியா, அவர் கட்டிலருகே ஜன்னலோரச் செம்பருத்தித் தொட்டியைப் பார்த்தாள். மண் சொதசொதவென்று இருந்தது, மேலே தேயிலைத் தூள் படிந்திருந்தது. அவள் கொடுத்த காலைத் தேநீரைக்கூட மனிதர் குடித்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்த் தண்ணீரை அவர் வாயருகே நீட்டினாள். "குடிங்க பாக்."

அவர் விரிப்பைத் தடவிப் பார்த்தார். "வேணாம் கியா. நனைச்சிடுவேன்."

"நனைங்க பாக். நூறு தடவ நனைங்க, நான் மாத்துறேன்."

அவர் உதட்டைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை போய்விட்டார்.

இப்போது நோரிடா சொன்னபடிதான் நடக்கிறது. பாங்குக்கு முன் ரொக்கியா ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கூட்டிப் போகிறாள், வந்ததும் தேநீர் கொடுக்கிறாள். அப்படியும் தாலிபின் கட்டிலுக்கு வந்த புதுக் கிழவர் முதல் நாளே மெத்தையை நனைத்துவிட்டார்.

"திட்டாதம்மா," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ரொக்கியா அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.