ஏட்டம்மாவுக்கு ஒரு சாட்சி

எங்கள் நகர் நலச் சங்கத்தில் எந்தத் தீர்மானமும் சண்டையில்லாமல் நிறைவேறியதில்லை. தெருவிளக்குக்குக்கூட இரண்டு கட்சி உண்டு. ஆனால் ஆவடிப் பக்கத்துச் சேவை அமைப்பு ஒன்று, மக்களுக்கு உதவும் காவலருக்கு விருது தரப்போகிறோம், யாரைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதியபோது, முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் ஆறு தெருவும் ஒரே குரலில் "ஏட்டம்மா!" என்றன. உள்ளூர்க் காவல் நிலையத்தின் பெண் தலைமைக் காவலரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

நான் செயலாளர் என்பதால் படிவம் என்னிடம் வந்தது. அரசுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். படிவம் என்றால் எனக்குப் பாயசம். ஐந்து கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. ஆறாவதில் நின்றுவிட்டேன். அவரால் உதவி பெற்ற ஒருவர், நடந்ததைத் தன் பெயரோடு எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் காபி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. பைக் ரேஸில் சிக்கிய ஒரு பையனை ஏட்டம்மா உட்காரவைத்து, வயிறு நிறையத் திட்டி, திருத்தி அனுப்பியது எனக்குத் தெரியும். அவனுடைய அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "சார், ஏட்டம்மா எங்களுக்கு சாமி மாதிரி. ஆனா பையனுக்குப் பொண்ணு பாத்துகினு கீறோம். இத்த எழுதிக் குடுத்தா எவன் சார் பொண்ணு குடுப்பான்?" மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. அந்த அம்மா செய்ததெல்லாம் வெளியே சொல்ல முடியாத உதவிகள்.

கோபமாக வீடு திரும்பினேன். "நன்றி கெட்ட ஜனங்க" என்று நான் ஆரம்பித்ததுமே, என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "அப்ப நீங்க எழுதுங்களேன்?"

ஏட்டம்மா என்னையும் ஒருமுறை காப்பாற்றியிருந்தார். அவளுக்கும் எனக்கும் ஏட்டம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த கதை அது.

மூன்று மாதம் முன்பு ஒரு மத்தியானம் வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவன் வந்தான். என் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். நான் இப்போதே கைதாம். கதவைப் பூட்டிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார வேண்டுமாம். இத்தனைக்கும் 'ஃபோன் மோசடியில் ஏமாறாதீர்கள்' என்று சங்கப் பலகையில் எழுதி வைத்தவனே நான்தான். ஆனாலும் அரசாங்க உத்தியோகம் பார்த்த உடம்பு. அதிகாரக் குரல் கேட்டதும் தானாக விறைத்தது. பனியனோடு இருந்தவன் சட்டை போட்டுக்கொண்டேன். கைதானாலும் மரியாதை முக்கியமில்லையா? சேமிப்பை எல்லாம் அவன் சொன்ன கணக்குக்கு மாற்றப் பேங்க் விவரங்களை எடுத்து வைத்திருந்தேன்.

அறைக்கு வெளியே ஒட்டுக்கேட்ட மனைவி நேரே ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறாள். சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"சார், போலீஸ். கதவத் தொறங்க."

"மேடம், நான் ஏற்கெனவே போலீஸ் காவல்ல இருக்கேன். அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். நிஜமாகவே கேட்டேன். அவன் திறக்கக் கூடாது என்றான். நானும் திறக்கவில்லை.

ஏட்டம்மா சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். கம்பிக்குள் கையை விட்டு ஃபோனைத் தன் பக்கம் திருப்பி, "எந்த ஸ்டேஷன் நைனா நீ?" என்று கேட்டார். அசல் காக்கியைப் பார்த்த மறுநொடி அவன் காணாமல் போனான். அதன் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார். "புகார் மட்டும் எழுதிக் குடுங்க சார். தெருவுல ஒருத்தருக்கும் நா சொல்ல மாட்டேன்" என்றார், சொல்லவும் இல்லை.

இதை எழுதினால் நான் மட்டும் படித்துப் பார்த்து அனுப்பிவிட முடியாது. சங்கத்தின் பெயரில் போகும் எதையும் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அந்தப் பாழாய்ப்போன விதியைக் கொண்டுவந்தவனும் நானே. இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில், அந்த அம்மாவின் விருதைவிட என் மீசை பெரிதா என்று துணிந்து, நடந்ததை எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் படித்தேன். "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்ற இடத்தில் கூட்டம் நாற்காலியிலிருந்து விழாத குறை. எனக்குக் காது சுட்டது. ஆனால் எங்கள் பொருளாளர், என்னைக் கிண்டல் செய்ய எப்போதும் முதல் ஆளாக நிற்கும் ஹார்டுவேர் கடைக்காரர், சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் காதருகே குனிந்தார்.

"அண்ணாத்தே, மணிக்கு ஒரு தபா செல்ஃபி அனுப்பச் சொன்னானா?"

"இல்லையே. ஏன்?"

அவர் தன் ஃபோனை நீட்டினார். இரண்டு நாளாக அவர் அனுப்பிய படங்கள் வரிசையாக இருந்தன. கல்லாவில் ஒன்று, சோற்றுத் தட்டோடு ஒன்று, கடைசியாக எங்கள் கூட்டத்து நாற்காலியில் ஒன்று. மனைவியை இழந்து தனியாக இருப்பவர். "நாளைக்கு பேங்க் தொறந்ததும் மொத்தத்தையும் அனுப்பச் சொல்லிக்கீறான். வாயத் தொறந்தா துபாய்ல கீற என் பையனத் தூக்கிடுவாங்களாம்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேதான் ஏட்டம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

பத்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். "பையனாண்ட பேசுனீங்களா?" என்று கேட்டு, அவரையே துபாய்க்குப் பேசவைத்தார். மகன் அங்கே நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்தான். அதற்குள் அடுத்த செல்ஃபிக்கு மணியாகிவிட்டது. ஏட்டம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எடுங்கண்ணே, அனுப்பிடுவோம்" என்றார்.

விருது அவருக்கே கிடைத்தது. விண்ணப்பத்தோடு அந்தப் படத்தையும் இணைத்திருந்தோம். அதில் ஏட்டம்மா கேமராவை முறைக்கிறார். கடைக்காரர் அழுதுகொண்டே சிரிக்கிறார்.